பார்த்தால் சொல்ல வேண்டிய ஆள்

மேக்னஸ் ரெண்டல் காலையில் எழுந்ததும் முதலில் செய்யும் வேலை, கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்வது. ஒன்பது வருடமாக இதே வீடு, இதே நிலை, இதே தலை. ஜப்பானில் இசோமட்சு என்ற கடலோர ஊரின் கல்வி அலுவலகம் அவருக்குக் கொடுத்த வீட்டில் நிலையின் உயரம் ஐந்தடி பத்தங்குலம். அவர் உயரம் ஆறடி நாலங்குலம். மூன்றாம் வருடம் ஒரு துண்டைச் சுருட்டி நிலையில் கட்டினார். ஐந்தாம் வருடம் துண்டு நைந்து விழுந்தது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, மரம்கூட முளைக்க யோசிக்கும் ஒரு தீவில் பிறந்தவர். அங்கேயும் காற்று, கடல், மீன். இங்கேயும் காற்று, கடல், சிப்பி. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, மழைதான் கொஞ்சம் குறைவு என்பார். ஒரு வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். வேலை வருடா வருடம் மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் மறுபடி ஆரம்பிக்கும். அதனால் ஒரு வருடத்துக்கு மேல் உழைக்கக்கூடிய எதையும் அவர் வாங்குவதில்லை. துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மூன்று வருட உத்தரவாதம் என்று கடைக்காரர் சொன்னபோது, "எனக்கே அவ்வளவு இல்லியேய்யா" என்றாராம். இயந்திரம் எப்போதோ பழுதாகிப் போயிற்று. அவர் இருக்கிறார்.

ஜப்பானிய மொழியைப் புத்தகத்தில் கற்றவர்கள் அழகாகப் பேசுவார்கள். மேக்னஸ் துறைமுகத்தில், சிப்பிக் கயிறு இழுக்கிறவர்களிடம் கற்றார். தலைமையாசிரியை ஒகுதெராவிடம் அவர் முதன்முதலில் சொன்ன வணக்கத்தைக் கேட்டு ஆசிரியர் அறையில் இரண்டு பேருக்குத் தேநீர் புரையேறியது. திருத்தலாம் என்று ஒரு மாதம் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மாளே சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

காலை ஏழு நாற்பதுக்குப் பள்ளி வாசலில் நிற்பார். பனி கொட்டும் மாதங்களில் கையில் மண்வெட்டியோடு, மற்ற நாட்களில் வெறுங்கையோடு. பிள்ளைகள் தெருத் தெருவாக வரிசை கட்டி நடந்து வருவார்கள்; ஆறாம் வகுப்புப் பிள்ளை மஞ்சள் கொடியோடு முன்னால், ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகள் மஞ்சள் தொப்பியோடு நடுவில். மொத்தப் பள்ளியும் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு பேருக்கும் பெயர் சொல்லி "குட் மார்னிங்". அவரவர் அப்பாவின் படகுப் பெயரும் அவருக்குத் தெரியும். எந்தப் படகில் மோட்டார் மக்கர் என்பதும் தெரியும். இதெல்லாம் அவர் வேலையில் சேர்ந்ததல்ல, சம்பளத்திலும் சேர்ந்ததல்ல.

வேலை என்னவென்றால், ஓர் உயிருள்ள டேப்ரெக்கார்டராக நிற்பது. வகுப்பாசிரியை விரலைத் தூக்கினால் "ஆப்பிள்" என்பார். மறுபடி தூக்கினால் மறுபடி "ஆப்பிள்". ஆறாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வருமா என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வராது. பதில் தெரியாமல் இல்லை. முதலில் கையைத் தூக்கும் பாவத்தை யார் செய்வது என்பதுதான் சிக்கல். மேக்னஸுக்கு அது புரியும். அதனால் வேண்டுமென்றே தப்பாக ஒரு பதில் சொல்வார், ஆமையைக் காட்டி "குதிரை" என்று. அப்போது வகுப்பே கத்தும். கத்தலுக்குள் சரியான பதில் எங்காவது இருக்கும், பொறுக்கிக்கொள்வார்.

பள்ளிக்குள் நுழைந்ததும் எல்லாரும் செருப்பு மாற்ற வேண்டும். விருந்தாளிச் செருப்பில் அவர் பாதத்தின் முன்பாதிதான் நுழையும். குதிகால் இரண்டும் வெளியே தொங்க, அந்த உருவம் நடைபாதையில் சறுக்கிச் சறுக்கி வரும் சத்தத்தைக் கேட்டே பிள்ளைகள், "மகுரோ வருது, மகுரோ!" என்று வரிசையில் உட்காருவார்கள். மகுரோ என்றால் சூரை மீன். இருப்பதிலேயே பெரிய மீன். மேக்னஸ் என்ற பெயரை மேகு சென்செய், அதாவது மேகு வாத்தியார், என்று ஊர் சுருக்கிக்கொண்டது. பிள்ளைகள் அதை மீனாக்கிவிட்டார்கள். ஜப்பானில் வாத்தியாருக்குப் பட்டப்பெயர் வைத்தால் முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுவார்கள். இவரை முகத்துக்கு நேராகவே கூப்பிடலாம். "என்னாடா?" என்று திரும்புவார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் ஜூன் மாதம் திருடனாக்கினார்கள்.

ஜப்பானியப் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் ஒத்திகை உண்டு. நிலநடுக்கத்துக்கு ஒத்திகை, தீக்கு ஒத்திகை, கடல் பொங்கினால் மலையேற ஒத்திகை. வருடத்துக்கு ஒருமுறை, கெட்டவன் ஒருவன் பள்ளிக்குள் புகுந்தால் என்ன செய்வது என்றும் ஒத்திகை. அதற்காகவே ஆசிரியர் அறையில், தீயணைப்பான் பக்கத்தில், ஆளுயரக் கவைக்கோல்கள் இரண்டு சாத்தியிருக்கும். முனையில் அரைவட்ட வளைவு. அதை வைத்துக் கெட்டவனைச் சுவரோடு சேர்த்து அழுத்த வேண்டும்.

வழக்கமாக, ஊர்ப் போலீஸ்காரர் குடியிருந்தே வேலை பார்க்கும் காவல் வீட்டிலிருந்து ஓர் இளம் போலீஸ்காரர் வந்து கெட்டவனாக நடிப்பார். இந்த வருடம் அவருக்கு மாற்றலாகி, பதிலுக்கு வந்தவர் நரிதா. வயது ஐம்பத்தெட்டு, இரண்டு முழங்காலும் தகராறு. ஓடச் சொன்னால் ஆம்புலன்ஸ் ஒத்திகையும் சேர்த்து நடத்த வேண்டியிருக்கும்.

துணைத் தலைமையாசிரியர் கசாய் மேக்னஸின் மேஜைக்கு வந்து, மூன்று நிமிடம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, "மேகு சென்செய், பதினெட்டாம் தேதி மூணாவது பீரியட் உங்களுக்கு வேலை ரொம்ப இருக்குமோ?" என்றார்.

"திருடன் நானா?"

கசாய் தலையைச் சொறிந்தார். "இல்ல... பிள்ளைங்களுக்கு உங்களை நல்லா தெரியும். தெரிஞ்ச ஆளுன்னா பயப்பட மாட்டாங்கன்னு ஒரு யோசனை. வேணாம்னா விட்டுடலாம்."

"வேணாம்னு எவன் சொன்னான்? கத்தி குடுப்பீங்களா?"

செய்தித்தாளைச் சுருட்டிக் கத்தி செய்துகொடுத்தார்கள். கறுப்பு மழைக்கோட்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகமூடி. பதினெட்டாம் தேதி பத்தே முக்காலுக்கு ஒலிபெருக்கியில், "நீலப் பை வைத்திருக்கும் ஆசிரியர் உடனே வரவும்" என்ற ரகசிய அறிவிப்பு வந்தது. எல்லா வகுப்பும் கதவைப் பூட்டி, மேஜைகளை அண்டக் கொடுத்து, உள்ளே பதுங்கின. மேக்னஸ் நடைபாதையில் இறங்கினார். ஒன்பது வருடமாகத் துறைமுகத்தில் சேர்த்துவைத்த வசவுகளை இப்படி வாய்திறந்து பயன்படுத்த அவருக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததே இல்லை. ஒன்றும் விடவில்லை. ஒன்றாம் வகுப்புக் கதவை உலுக்கிய உலுக்கலில் வகுப்பாசிரியை மிகாமிக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டதாம். கசாய் கவைக்கோலோடு பாய்ந்து வந்து அவரைச் சுவரில் பதித்தார். விலாவில் அரைவட்டமாக ஒரு சிவப்புத் தழும்பு.

பிறகு எல்லாரையும் உடற்பயிற்சிக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். கெட்டவன் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றான். நரிதா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்த ஆளை நல்லா பார்த்துக்கோங்க. இனிமே எங்க பார்த்தாலும், பார்க்காத மாதிரி போகக் கூடாது. உடனே பெரியவங்ககிட்ட சொல்லணும். சொல்லுவீங்கன்னு வாக்குக் குடுக்கறவங்க கையைத் தூக்குங்க!"

நாற்பத்தொரு கைகள். "சொல்லுவோம்!"

அப்போது மேக்னஸ் கண்ணாடியையும் முகமூடியையும் கழற்றி, "டடாங்!" என்றார்.

பெரிய வகுப்புகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஒன்றாம் வகுப்பில் ஆறு பேர். ஐந்து பேர் வாயைப் பிளந்து, பிறகு பெரியவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆறாவது ஃபுகி. தூக்கிய கையை இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் இரண்டு கைகளாலும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். மிகாமி வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை எடுக்கவில்லை.

ஏப்ரலில் பள்ளி வாசல்வரை வந்து, உள்ளே வர மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை அவள். மேக்னஸ் தன் ஆள்காட்டி விரலை நீட்டினார். அவள் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு பதினோரு நாள் உள்ளே வந்தாள். பன்னிரண்டாம் நாள் தானாக வந்தாள்.

மறுநாள், புதன்கிழமை காலை, மஞ்சள் தொப்பி வரிசை வாசலுக்கு வந்தது. மேக்னஸைப் பார்க்க இருந்த கணத்தில் ஃபுகி தொப்பியை இழுத்துக் கண்ணை மூடி, அப்படியே திரும்பி வீட்டை நோக்கி ஓடினாள். வியாழன் வரவே இல்லை. வெள்ளியும் இல்லை. ஏனென்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை என்றாள் அவள் அம்மா சயோ, தொலைபேசியில்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் தலைமையாசிரியை மேக்னஸைக் கூப்பிட்டார். கசாய் மூன்று பக்க அறிக்கை எழுதி முடித்திருந்தார். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று மூன்று பக்கத்திலும் இருந்தது.

"மேகு சென்செய், இது உங்க தப்பு இல்ல, எங்க தப்பு. ஆனா அந்தப் பிள்ளை உங்களைப் பார்த்தா வர மாட்டேங்குது. அதனால கோடை விடுமுறை வரைக்கும் நீங்க இங்க வராம, தினமும் நடுநிலைப் பள்ளிக்கே போயிடுங்க. இப்ப கசாய் சென்செய் அவங்க வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வருவாரு."

கோடை விடுமுறைக்கு ஐந்து வாரம் இருந்தது. அதற்குப் பிறகும் ஒரு பிள்ளை பயந்தால், அப்புறம் யாரும் அவரைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்பது மேக்னஸுக்குத் தெரியும். கோபத்தில் அல்ல, நல்ல எண்ணத்தில்தான். நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவை இந்த ஊரில் மாற்றவே முடியாது. ஆனால் அவரை உறுத்தியது அது இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே வேண்டாமென்று ஆக்கிவிட்டோமே என்பது.

"செஞ்சவன் நான். கசாய் சென்செய் போயி என் வாயால எப்படிக் கேப்பாரு?" என்றார் துறைமுக பாஷையில். "நானும் போறேன். பிள்ளை அழுதுச்சுன்னா, அங்கேருந்தே நடுநிலைப் பள்ளிக்கு நடந்துடறேன். இந்தப் பக்கம் தலைவச்சிப் படுக்க மாட்டேன்."

ஒகுதெரா கைப்பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். "சரி. ஸ்வீட் பெட்டி ரெண்டா வாங்கிட்டுப் போங்க" என்றார்.

சயோ அப்போதுதான் சிப்பிக் கொட்டகையிலிருந்து வந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கசாய் வாசற்படியில் நின்று தரையைத் தொடுமளவு குனிந்தார். பக்கத்தில் மேக்னஸ் குனிந்தபோது செருப்பு அலமாரியின் மேல் இருந்த பூச்சாடி அவர் முதுகில் பட்டு ஆடியது.

"ஐயய்யோ, நிமிருங்க ரெண்டு பேரும். அலமாரி போயிடும்" என்றாள் சயோ. "நான் என்னத்தைச் சொல்றது? மூணு நாளா ஊமையாயிட்டா. 'மகுரோ சென்செய் அடிச்சாரா?'ன்னா இல்லைங்கறா. 'பயமா?'ன்னா இல்லைங்கறா. 'அப்ப என்னாடி?'ன்னா போர்வைக்குள்ள பூந்துக்கறா. ஃபுகீ! யாரு வந்திருக்காங்க பாரு!"

உள்ளே தடதடவென்று கால் சத்தம். கதவு கொஞ்சம் நகர்ந்தது. மஞ்சள் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தியபடி ஃபுகி நின்றாள்.

மேக்னஸ் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "ஃபுகி. நான் வந்து—"

"பேசாதீங்க!" என்றாள் ஃபுகி. குரல் கீச்சிட்டது. "ஏன் இங்க வந்தீங்க? போயிடுங்க! சீக்கிரம்!"

கசாய் ஸ்வீட் பெட்டிகளை வாசற்படியில் வைத்தார். மேக்னஸ் எழுந்தார். முகம் சுண்ணாம்பாகியிருந்தது. சொன்ன சொல் சொல்தான். அவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"பின்பக்கமாப் போங்க!" என்றாள் ஃபுகி. "முன்னாடி போனா காவல் வீடு வருது! கசாய் சென்செய் வேற கூட வந்திருக்காரே, உங்களுக்கு அறிவே இல்லையா?"

மேக்னஸ் திரும்பி மறுபடி முழங்காலிட்டார்.

"ஃபுகி," என்றார் மேக்னஸ் மெதுவாக, "நான் ஏன் ஓடணும்?"

"நான் உங்களைப் பார்த்தா பெரியவங்ககிட்ட சொல்லணும்ல! கையைத் தூக்கிட்டேன்ல!" தொப்பிக்குள் இருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "அதான் மூணு நாளா பாக்காம இருக்கேன். இப்ப நீங்களே வந்து நிக்கறீங்க. அம்மாவும் பெரியவங்க. அம்மாகிட்ட சொன்னாக்கூட சொன்ன மாதிரிதான்."

சயோ வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. கசாய் மூன்று பக்க அறிக்கையை மனத்துக்குள் கிழித்துக்கொண்டிருந்தார். மூன்று பக்கத்திலும் அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. வேறு யாராக இருந்தாலும், "அதெல்லாம் சும்மா விளையாட்டும்மா" என்று சிரித்து முடித்திருப்பார்கள். மேக்னஸ் சிரிக்கவில்லை. மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டு ஒருவரைக் காப்பாற்றிய ஆளிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினார்.

"வாக்குக் குடுத்தது குடுத்ததுதான். யாருக்குக் குடுத்த?"

"நரிதா போலீசுக்கு."

"அவரே வந்து, இந்த ஆளைப் பார்த்தா சொல்ல வேண்டாம்னு சொன்னா?"

ஃபுகி யோசித்தாள். "அப்பன்னா சரி."

"அதுவரைக்கும் நான் வெளியில நிக்கறேன். நீ கையை எடுத்துக்கலாம். வலிக்கும்."

வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குள் மழை கொட்டத் தொடங்கியிருந்தது; அந்த வீட்டுக் கூரையின் இறவாணம் அவருடைய ஒரு தோளைத்தான் காப்பாற்றியது. கசாய் கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு காவல் வீட்டை நோக்கி ஓடினார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. "நனையறீங்களா?"

"நல்லா."

கதவு ஒரு சாண் திறந்தது. கண்ணை இறுக்கி மூடியபடி ஃபுகி, வாத்துப் படம் போட்ட குடையை நீட்டினாள். "இது யாருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றாள் ஃபுகி. கதவு சாத்திக்கொண்டது.

நரிதா வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று. தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தவர், அதே கோலத்தில் கசாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தார். வழியிலேயே கசாய் எல்லாம் சொல்லியிருந்தார். வாத்துக் குடையின் கீழ், உச்சந்தலை மட்டும் நனையாமல் நின்ற மேக்னஸைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"ஃபுகிச்சான், அந்த ஆளைப் பார்த்தா சொல்ல வேண்டாம்மா."

ஃபுகி தொப்பியைக் கொஞ்சம் தூக்கி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க அன்னிக்குப் போலீஸ் தொப்பி போட்டுட்டு சொன்னீங்க."

நரிதா கசாயைப் பார்த்தார். கசாய் மழையைப் பார்த்தார். பிறகு மறுபடி ஓடினார்.

நீலத் தொப்பி வந்தது. மண் படிந்த சட்டையோடு, அதைத் தலையில் நேராக வைத்து, முழங்கால் கடகடக்க விறைப்பாக நின்று, நரிதா சொன்னார்: "இசோமட்சு காவல் வீட்டிலிருந்து சொல்றேன். மேகு சென்செய்யை எங்க வேணாலும் பார்க்கலாம். எவ்வளவு வேணாலும் பார்க்கலாம். யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்ல. உன் வகுப்புல மீதி அஞ்சு பேர்கிட்டயும் திங்கக்கிழமை நானே வந்து சொல்லிடறேன்."

"சரி" என்றாள் ஃபுகி. கதவைத் தானே திறந்தாள். மேக்னஸைப் பார்த்தாள். நனைந்து, தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட, வாத்துக் குடையோடு அவர் நின்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தது, மழையில் யாருக்கும் தெரியவில்லை. "மூஞ்சியைத் துடைங்க சென்செய், கஷ்டமா இருக்கு" என்று சயோ ஒரு துண்டைக் கொடுத்ததால்தான் ஊருக்கே தெரிந்தது.

நடுநிலைப் பள்ளிக்குப் போகும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. கசாய் அறிக்கையை மாற்றி எழுதினார். இந்த முறை ஐந்து பக்கம்.

திங்கட்கிழமை முதல் பீரியட், ஒன்றாம் வகுப்பு. மிகாமி விரலைத் தூக்கினாள். மேக்னஸ் படத்தைக் காட்டி "ஆப்பிள்" என்றார். ஐந்து பேர் "ஆப்பிள்" என்றார்கள். ஃபுகி ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்தில் கையை வைத்து, இமைக்காமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிகாமி மறுபடி விரலைத் தூக்கினாள். மேக்னஸ் வாழைப்பழப் படத்தைக் காட்டி "ஆப்பிள்" என்றார். வேண்டுமென்றே சொன்னதல்ல. அவர் கண்ணும் படத்தில் இல்லை.

"ஃபுகி," என்றாள் மிகாமி, "படத்தைப் பாரு. சென்செய்யையே பார்த்தா எப்படி?"

"இருங்க மிகாமி சென்செய்," என்றாள் ஃபுகி, கண்ணை எடுக்காமல். "மூணு நாள் பாக்காத பாக்கி இருக்கு."